முனையில் நின்ற பச்சை

முப்பத்தொன்று, முப்பத்திரண்டு, இரண்டு முனையிலும் பச்சை இருக்கிறது, முப்பத்துமூன்று, இதிலும் இருக்கிறது, இருக்கட்டும், அதற்குள் சந்தோஷப்பட வேண்டாம் என்று கோமதி தன்னைத்தானே அதட்டிக்கொண்டாள். மைக்ரோஸ்கோப் அறையின் விளக்கை அணைத்து, கதவுக்கு அடியில் கசியும் வெளிச்சத்தையும் பழைய துணியைச் சுருட்டி அடைத்து, ஏசியின் உறுமலுக்கு நடுவே தன்னந்தனியாக உட்கார்ந்திருந்தாள். வெளியே வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருக்கும். உள்ளே பல் கிட்டுகிற குளிர். வலது கை ஸ்லைடை நகர்த்த, இடது கையில் இரண்டு பொத்தான் வைத்த எண்ணும் கருவி. பாக்டீரியாவின் முனையில் புள்ளி தெரிந்தால் கட்டைவிரல், தெரியாவிட்டால் ஆள்காட்டி விரல். ஒரு ஸ்லைடுக்கு இருநூறு, மொத்தம் நான்கு ஸ்லைடு. இரண்டரை மணிக்குள் முடித்தாக வேண்டும். இன்று வெள்ளிக்கிழமை. ஜும்மா தொழுதுவிட்டு வந்து கடையைத் திறந்ததும் தோழி மைமூனின் அப்பா போன் செய்வார், கோமதிக்கும் அவர் வாப்பாதான். மைமூன் போய்ச் சேர்ந்த இந்த மூன்று வருஷத்தில் ஒரு வெள்ளிகூடத் தவறியதில்லை. நல்லாருக்கியா மவளே என்பார். அடுத்த கேள்வியும் எப்போதும் ஒன்றுதான்: நம்ம புள்ள கண்டுபிடிச்ச பொட்டெல்லாம் நல்லாருக்கா? சொந்தக்காரர் வீட்டுக் குழந்தைகளை விசாரிக்கிற மாதிரி கேட்பார். நல்லாருக்கு வாப்பா என்று அவளும் சொல்லிவிடுவாள். மூன்று வருஷம் சொன்னதை இன்றைக்கும் சொல்ல முடியுமா என்பது இந்த நான்கு ஸ்லைடில் இருக்கிறது. அறுபத்தெட்டு, அறுபத்தொன்பது, இதிலும் பச்சை. எழுபது.

அந்தப் பொட்டுகளின் படம் ஒன்று அவருடைய சர்பத் கடைச் சுவரில், விலைப்பட்டியலுக்கும் காலண்டருக்கும் நடுவே, கண்ணாடி போட்டுத் தொங்குகிறது. மேலப்பாளையத்தில் அந்தக் கடைக்கு வந்து நன்னாரி சர்பத் குடித்த யாரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காமல் போனதில்லை. கறுப்புத் தாளில் சாம்பல் நிற மாத்திரை மாதிரி ஏழெட்டு, ஒவ்வொன்றின் இரண்டு முனையிலும் ஒரு பச்சைப் பொட்டு. இது என்ன பாய், வெண்டைக்காயா? இல்லப்பா, பாட்டீரியா. நோய்க் கிருமியையா மாட்டி வெச்சிருக்கீரு? நோயெல்லாம் இல்ல, நல்ல பாட்டீரியா, எம் மவ கண்டுபிடிச்சது, கீழ பேரு போட்டிருக்கு பாரும். பேர் ஆங்கிலத்தில் இருக்கும். கேட்டவருக்கும் படிக்கத் தெரியாது, காட்டியவருக்கும் தெரியாது. ஆனால் எந்த இடத்தில் மகளுடைய பெயர் இருக்கிறது என்று அவருக்குத் தெரியும், விரலை அங்கேதான் வைப்பார். முதல் பெயர் மைமூன் பாத்திமா. கடைசிப் பெயர் கோமதி. எங்கள் தொழிலில் கடைசிப் பெயர்தான் பெரிய ஆள் வாப்பா என்று மைமூன் ஒருமுறை அவளைக் கேலி செய்தாள். பெரிய ஆள். தொண்ணூற்றெட்டு. கண்ணில் நீர் கட்டிக்கொண்டு பச்சை கலங்கியது. அழுகை இல்லை, குளிர், ஏசியின் காற்று நேரே முகத்தில் அடிக்கிறது. சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டு மறுபடி குனிந்தாள். சீக்கிரம் எண்ண வேண்டும், பார்க்கப் பார்க்க பச்சை வெளிறிப் போகும்.

முதல் ஸ்லைடு: இருநூறில் நூற்று எழுபத்தாறில் புள்ளி. அதை அப்படியே நோட்டில் எழுதினாள். எது எந்த ஸ்லைடு என்று அவளுக்குத் தெரியாது, தெரியவும் கூடாது. லேபில் அது ஒரு வழக்கம்; எண்ணுகிறவருக்குத் தெரிந்தால் கண் ஆசைப்பட்டதைப் பார்த்துவிடும். காலையில் லேப் உதவியாளர் பேச்சியம்மாளிடம் நான்கையும் கொடுத்து, பெயரை மறைத்து ஒட்டி, உங்கள் இஷ்டப்படி ஒன்று முதல் நான்கு வரை போடுங்கள் என்று சொல்லியிருந்தாள். இரண்டு ஸ்லைடில் அந்தப் படத்துக்குப் பயன்படுத்திய பழைய பச்சைச் சாயம், இரண்டில் புதிய பச்சை. எந்த எண் எது என்பதைப் பேச்சியம்மாள் ஒரு சீட்டில் குறித்து, தன் அடையாள அட்டையின் பிளாஸ்டிக் உறைக்குள் செருகிக்கொண்டாள். "நீங்க கெஞ்சுனாலும் குடுக்க மாட்டேன் மேடம்" என்று சிரித்தாள். நான்கிலும் புள்ளி இருந்தால் பிழைத்தேன். இரண்டில் மட்டும் இருந்தால் போச்சு. இரண்டாவதைத் தட்டில் பொருத்தி, எண்ணெய் ஒரு சொட்டு விட்டு, மெல்லத் திருகினாள். கறுப்பு, கறுப்பு, மங்கல், பிறகு சட்டென்று எல்லாம் துலங்கி, பச்சை. முனையில் பச்சை. ஒன்று, இரண்டு, மூன்று, மைமூ, இதிலும் இருக்குடி.

மைமூன்தான் முதலில் பார்த்தாள். பன்னிரண்டு வருஷத்துக்கு முன், இதே அறையில், இதே முக்காலியில். கோமதி, இங்க வா, வந்து பாரு, வாயத் தொறக்காதே, மொதல்ல பாரு. பாக்டீரியா என்பது ஒற்றை அறை வீடு. சமையலுக்கு, படுக்கைக்கு, குளிக்க என்று தடுப்பு கிடையாது. இருந்தும் எந்தப் புரதம் எங்கே நிற்க வேண்டுமோ அது அங்கேதான் நிற்கிறது. இரண்டாகப் பிரிவதற்கான வளையம் சரியாக நடுவில், வாசனை பிடிக்கிறவை முனையில், சிலது சுற்றிலும் சவ்வு முழுக்க. யார் சொல்லி நிற்கின்றன என்று மைமூன் கேட்டுக்கொண்டே இருப்பாள், கேன்டீனில் தோசைக்குக் காத்திருக்கும்போதும். வெளியே உப்புக் கூடினால் அதைச் சமாளிக்கத் தேவையானதை உள்ளே இழுத்துப் போடுகிற ஒரு புரதம் சவ்வில் இருக்கிறது. அதற்கு அவள் வைத்த பெயர் வாசல்காரன். அந்த வாசல்காரன் சவ்வெங்கும் பரவி நிற்காமல் இரண்டு முனைகளில் போய்க் குவிகிறான், முனையின் வளைவில் ஒருவகைக் கொழுப்பு அதிகம், அந்தக் கொழுப்புதான் அவனைப் பிடித்து வைக்கிறது: இதுதான் அவர்கள் எழுதியது. எழுதியதை உலகம் ஏற்றுக்கொண்டது. நூறு பேருக்கு மேல் மேற்கோள் காட்டினார்கள். அதை வைத்துக் கோமதி பேராசிரியர் ஆனாள். மைமூன் ஒப்பந்த வேலையிலேயே இருந்தாள், வருஷா வருஷம் நீட்டிப்புக் கடிதத்துக்குக் காத்துக்கொண்டு. எண்பத்தொன்று, எண்பத்திரண்டு. ஒன்றாகச் சேர்ந்து ஒன்றாகப் படித்தவர்கள். வேலை ஒருத்திக்கு முன்னால் கிடைத்தது, அவ்வளவுதான், அதற்கு யார் என்ன செய்வது. அவ்வளவுதானா? எண்பத்துமூன்று.

இரண்டாவது ஸ்லைடு: நூற்று எழுபத்தொன்றில் புள்ளி. கோமதி முதுகை நிமிர்த்தினாள். முதல் இரண்டும் பழைய பச்சையாகவே அமைந்திருக்கலாம், பேச்சியம்மாள் வரிசையாகவே ஒட்டியிருக்கலாம், அது தெரியாமல் இல்லை. ஆனாலும் நான்கு மாதமாக ஒழுங்காகச் சாப்பிடாத பசி திடீரென்று எழுந்தது. நான்கு மாதத்துக்கு முன் ஒரு குளிர் நாட்டு ஆராய்ச்சிக்கூடத்திலிருந்து மூன்று வரிக் கடிதம் வந்தது. உங்கள் கட்டுரையின் மீது எங்களுக்கு மிகுந்த மரியாதை. எங்கள் கையில் அந்தப் புரதம் முனைகளில் குவியவில்லை. நாங்கள்தான் எங்கோ தவறு செய்கிறோம் போலும். அந்தப் பணிவைப் பார்த்துத்தான் அவள் பயந்தாள். தவறு எங்கே என்று அவர்களுக்குத் தெரியும், அவள் வாயால் வரட்டும் என்று காத்திருக்கிறார்கள். வாசல்காரன் கண்ணுக்குத் தெரிய மாட்டான். பச்சையாக ஒளிரும் இன்னொரு புரதத்தை அவன் வாலில் ஒட்டிவிட்டால் தெரிவான். அந்தக் காலத்தில் எல்லோரும் பயன்படுத்திய பச்சைக்கு ஒரு சின்னக் குணம் உண்டு. பக்கத்தில் இன்னொரு பச்சை வந்தால் லேசாகப் பிடித்துக்கொள்ளும். ஒன்று இரண்டாகி, இரண்டு பத்தாகி, கொத்தாகச் சேர்ந்தால் நடுவில் இடம் இல்லாமல் முனைக்குத்தான் ஒதுங்கும். ஆளைக் காட்டத்தான் விளக்கைக் கொடுத்தோம், விளக்குகள் கைகோத்துக்கொண்டு ஆளையே இழுத்துப் போய் மூலையில் நிறுத்திவிட்டனவோ என்னவோ. அதற்குத்தான் இந்தப் புதிய பச்சை, ஒட்டாத வகை. மாணவர்கள் யாரிடமும் சொல்லாமல், ஐம்பது வயதை நெருங்கும்போது, தானே பைப்பெட் பிடித்துத் தானே செய்தாள். புதிய வகை என்று சொல்வதுகூடப் பொய். அது பதினோரு வருஷத்துக்கு முன்பே இருந்தது.

இருந்தது, மைமூன் சொன்னாள். இந்த இடத்துக்கு வராமல் நான்கு மாதமாக நினைப்பைச் சுற்றிச் சுற்றி ஓட்டிக்கொண்டிருக்கிறாள், ஆனால் எங்கே தொடங்கினாலும் இங்கேதான் வந்து முட்டுகிறது. கட்டுரையைத் திருத்தி அனுப்ப ஆய்விதழ் கொடுத்த கெடு இரண்டு மாதம். மைமூன் கதவுநிலையில் சாய்ந்து நின்றாள், உள்ளே வரவில்லை, மேலதிகாரியின் அறை வாசலில் நிற்கிற மாதிரி நின்றாள். அதுவே கோமதிக்கு எரிச்சலாக இருந்தது. "கோமதி, ஒட்டாத பச்சை ஒண்ணு இருக்குல்லா, அதுல ஒரு தடவ பண்ணிப் பாத்துருவோமா?" "எதுக்கு?" "மனசுக்கு ஒரு மாதிரியா இருக்கு. பச்சையே இழுத்துட்டுப் போகுதோன்னு." "எல்லாரும் இதத்தான் பயன்படுத்துதாங்க மைமூ. திருத்தச் சொன்னவங்களே அதக் கேட்கல்ல, நீ எதுக்கு கேட்க?" "மூணு மாசம் ஆகும், நான் ராவும் பகலுமா இருந்து முடிச்சிருதேன்." அப்போதுதான் அது வாயில் வந்தது. நாக்கில் சனி என்பார்களே, அது. "ஒனக்கு என்ன, ஒப்பந்த வேல, எதுல போனாலும் ஒண்ணுதான். எனக்கு இது போச்சுன்னா எல்லாம் போச்சு." மைமூன் சிரித்தாள். சிரித்ததுதான் இப்போதும் தாங்கவில்லை. சரி கோமதி என்று சொல்லிவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு எட்டு வருஷம் கூடவே இருந்தாள், பேசினாள், டிபன் பகிர்ந்தாள், ஒட்டாத பச்சை என்ற பேச்சை மட்டும் எடுக்கவே இல்லை. மூன்றாவது ஸ்லைடு.

திருகினாள். கறுப்பு. மங்கல். துலங்கியபோது அவளுக்கு முதலில் புரியவில்லை. பாக்டீரியாக்கள் இருந்தன, பச்சை இருந்தது, ஆனால் பச்சை எங்கேயும் நிற்கவில்லை. ஒவ்வொன்றின் ஓரம் முழுக்க மெல்லிய கோடாக, ஓரிடத்தில் கூடுதல் ஓரிடத்தில் குறைவு என்றில்லாமல் சமமாக ஓடியது. அழகாகக்கூட இருந்தது. ஆள்காட்டி விரல் அழுத்தியது. ஒன்று. ஒருவேளை செல்கள் வாடிப் போயிருக்கும். இரண்டு. லேசர் குறைந்திருக்கும், பழைய லேசர், இழுத்துக்கோ பறிச்சுக்கோ என்று கிடக்கிறது. மூன்று, நான்கு. உப்பு சரியாகப் போட்டேனா? போட்டேன். ஐந்து. தூக்கிப் போட்டுவிட்டால்? நான்கு ஸ்லைடுதானே, குப்பைக் கூடை பக்கத்தில்தான் இருக்கிறது. இந்த அறையில் நானும் ஏசியும் தவிர யாருமில்லை. வாப்பாவுக்கு எழுபத்தெட்டு ஆகிறது, இன்னும் எத்தனை வெள்ளிக்கிழமை, நல்லாருக்கு வாப்பா, நல்லாருக்கு வாப்பா என்று சொல்லிக்கொண்டே போனால் என்ன குடி முழுகிவிடும்? இருபது, இருபத்தொன்று. ஆனால் விரல் பாட்டுக்கு அழுத்திக்கொண்டே போனது. பொய்யாக ஒரு தடவை கட்டைவிரலை அழுத்திப் பார்க்கலாமா என்று தோன்றியது, விரல் வரவில்லை. முப்பது வருஷமாக எண்ணிப் பழகிய கை. மூன்றாவது: இருநூறில் ஆறு. நான்காவதைப் போடும்போதே தெரிந்துவிட்டது, இருந்தாலும் இருநூறையும் எண்ணினாள். இருநூறில் நான்கு.

கதவைத் திறந்தாள். வராந்தாவின் வெளிச்சம் கண்ணைக் கூசியது. பேச்சியம்மாள் சோதனைக் குழாய்களைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தவள் எழுந்து, அடையாள அட்டையிலிருந்து சீட்டை உருவிக் கொடுத்தாள். "ஒண்ணு, ரெண்டு பழசு. மூணு, நாலு புதுசு. வரிசையாத்தான் ஒட்டுனேன் மேடம், தப்பா?" "தப்பில்ல." "நல்லா வந்திச்சா?" "தெளிவா வந்திருக்கு பேச்சி" என்றாள் கோமதி. பேச்சியம்மாள் முகம் மலர்ந்து, அப்ப டீ போடட்டுமா என்றாள். கோமதி தலையாட்டிவிட்டுத் தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். இனி ஆய்விதழுக்குக் கடிதம் எழுத வேண்டும். அந்தக் கடிதங்களுக்கு ஒரு வாய்பாடு உண்டு, எத்தனையோ படித்திருக்கிறாள். ஆய்வு நடந்த காலத்தில் இந்தக் குறைபாடு எங்களுக்குத் தெரிந்திருக்கவில்லை, வருந்துகிறோம், கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறோம். பிறகு ஒவ்வொரு பக்கத்திலும் குறுக்கே சிவப்பில், திரும்பப் பெறப்பட்டது என்று எழுத்து ஓடும், மைமூன் பாத்திமா என்ற பெயர் மேலும் ஓடும். முதல் பெயர் யாருடையதோ, தவறு செய்தவள் அவள்தான் என்றுதான் நினைப்பார்கள். இறந்தவள் மேல் பழி போட்டால் கேட்க ஆள் இல்லை. பாக்டீரியாவப் படிச்சவள பாக்டீரியாவே கொண்டுபோயிட்டே என்று மைமூன் இறந்த அன்று மய்யித்து வீட்டில் ஒரு அம்மாள் மூக்கைச் சிந்தினாள். சிறுநீரகத்தில் தொடங்கிய கிருமித் தொற்று ரத்தத்தில் ஏறி ஒன்பதே நாளில் முடிந்துபோனது. அது வேறு இனம் அம்மா, நாங்கள் படித்தது வேறு என்று திருத்திச் சொல்ல அன்றைக்கு நாக்கு துறுதுறுத்தது. இன்றைக்கும் அதே மாதிரி திருத்தத்தான் துறுதுறுத்தது. எங்களுக்குத் தெரிந்திருக்கவில்லை என்பது பொய், ஒருத்திக்குத் தெரிந்திருந்தது, ஒருத்தி தெரிந்துகொள்ள மாட்டேன் என்றாள். அதை எழுதினால் இந்த நாற்காலி இருக்குமா என்று தெரியாது. போன் அடித்தது.

"நல்லாருக்கியா மவளே?"

"இருக்கேன் வாப்பா. தொழுதாச்சா?"

"ஆச்சு. இன்னைக்கு வெயிலு கடுமை, யாவாரம் ஓடும். நம்ம புள்ள கண்டுபிடிச்ச பொட்டெல்லாம் நல்லாருக்கா?"

கோமதி மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "இல்ல வாப்பா" என்றாள். அவர் என்னவென்று கேட்பதற்குள் மேலே சொன்னாள். "அந்தப் பொட்டு நெசமில்ல வாப்பா. நாங்க ஒட்டுன பச்சைச் சாயம் பண்ணுன வேல அது. இன்னைக்குச் சரியாப் பாத்துட்டேன். எழுதுனதத் திரும்ப வாங்கணும். தப்புன்னு ஊருக்குச் சொல்லணும்." ஒரே மூச்சில் சொன்னதால் இரைத்தது.

"எம் புள்ள தப்புப் பண்ணிட்டாளா?"

"அவ பண்ணல்ல வாப்பா. நான் பண்ணுனேன். அவ அப்பவே சொன்னா, இன்னொரு விதமாச் செஞ்சு பாத்துருவோம்னு கெஞ்சுனா. நாந்தான் வேண்டாம்னேன். வேண்டாம்னு மட்டும் சொல்லல்ல, சொல்லக் கூடாத வார்த்தை ஒண்ணும் சொன்னேன். அதையும் எழுதிருவேன். அவ பேரு கெட விட மாட்டேன்."

கடையில் யாரோ ஐஸ் உடைக்கிற சத்தம் கேட்டது. பிறகு, "அப்ப எம் புள்ள சொன்னதுதான் சரியா?" என்றார்.

"அவ சொன்னதுதான் சரி வாப்பா."

"ம்." அந்த ஒற்றை ஒலியில் ஒரு பெருமை எட்டிப் பார்த்தது, கோமதிக்குக் கேட்டது, அதற்காகவாவது சொன்னது நல்லது என்று நினைத்தாள். அவர் மெதுவாகக் கேட்டார், "இது எப்ப மவளே நடந்திச்சு? எந்த வருசம்?"

"பதினோரு வருசம் இருக்கும் வாப்பா. நோன்புப் பெருநாள் கழிஞ்ச வாரம். புதன்கிழமை."

"புதன்கிழமை" என்றார் அவர். "வியாழக்கிழம காலைல அவ ஊருக்கு வந்தா. லீவு இல்லாம வர மாட்டாளே, என்னன்னு கேட்டேன், ஒண்ணுமில்லன்னா. மூணு நாளு ஒரு வாய் சோறு எறங்கல்ல. சொவத்தப் பாத்துட்டே கெடந்தா. பெருநாளுக்குத்தான் நான் காயல்பட்டணத்து மாப்பிள்ளயப் பத்தி அவகிட்ட பேச்செடுத்திருந்தேன். நல்ல எடம். அந்தப் பேச்சுத்தான் புள்ளைக்குப் புடிக்கல்ல, நம்மகிட்ட சொல்லக் கூச்சப்படுதான்னு நெனச்சேன். அன்னையோட விட்டுட்டேன் மவளே. அதுக்கப்பறம் அவகிட்ட கல்யாணப் பேச்சே எடுக்கல்ல. எத்தன பேரு வந்தாங்க. ஒருத்தரயும் வாசப்படி ஏத்தல்ல. அவ ஒத்தைலயே கெடந்து ஒத்தைலயே போயிட்டா."

"வாப்பா" என்றாள் கோமதி. அந்தப் பக்கம் யாரோ இரண்டு சர்பத் என்றார்கள். இந்தா போடுதேன் என்று அவர் சொல்வதும் கேட்டது.

"வையி, ஆளு வந்துட்டு" என்றார். அடுத்த வெள்ளி பேசுவோம் மவளே என்று சொல்லித்தான் எப்போதும் வைப்பார். இன்றைக்குச் சொல்லவில்லை.